விட்ட இடத்திலிருந்து: பாதியில் நின்ற லினக்ஸ் புதுப்பிப்பை மீட்ட வரலாறு

லினக்ஸ் கணினியில் மென்பொருள் புதுப்பிப்பு மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் புதிய பொதிகள் இணையத்திலிருந்து இறங்குகின்றன. பிறகு அவை பிரிக்கப்பட்டு, பழைய கோப்புகள் இருந்த இடத்தில் புதியவை வைக்கப்படுகின்றன. கடைசியாக ஒவ்வொரு பொதியும் தன்னை அந்தக் கணினிக்குப் பொருத்திக்கொள்ள ஒரு சிறு நிரலை ஓட்டுகிறது. முதல் கட்டத்தில் இணைப்பு அறுந்தால் எதுவும் கெடாது. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ மின்சாரம் போனால், பழையதும் புதியதும் கலந்த ஒரு கணினி மிஞ்சும். சில நிரலகங்கள் புதியவையாக இருக்கும். அவற்றை நம்பி ஓடும் நிரல்கள் பழையவையாகவே கிடக்கும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் வந்திருக்கும், அதைத் துவக்கத் தேவையான துணைக்கோப்பு வந்திருக்காது.

அப்படி நின்ற கணினியை மீட்கும் தொழில்நுட்பத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு வரலாறு உண்டு. தேனி மாவட்டத்தில் பெரியகுளம் வட்டத்து வராக நதிக்கரை ஊரான ஜெயமங்கலம் போன்ற இடங்களுக்கு அந்தத் தேவை 2011-க்குப் பிறகு வந்தது. அரசு கொடுத்த மடிக்கணினிகளும் நாள்தோறும் வந்த மின்வெட்டும் ஒரே காலத்தவை. கணினி மக்கர் செய்தால் 'ஃபார்மட் அடிப்பது' என்ற ஒரே மருந்தைத்தான் அப்போது ஊர்ப்புற சர்வீஸ் கடைகள் அறிந்திருந்தன. புகைப்படமும் பாடக்குறிப்பும் போய், எல்லாம் அழிந்த வெற்று வட்டில் புதிதாக ஓ.எஸ். ஏறும். பாதியில் நின்ற லினக்ஸ் புதுப்பிப்புக்கு இது பெரும்பாலும் தேவையே இல்லாத சிகிச்சை. எந்த இடத்தில் வேலை நின்றது என்பதை அந்தக் கணினி தானே எழுதி வைத்திருக்கிறது. அந்த எழுத்து எப்படி வந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் மையம்.

தொடக்க கால லினக்ஸில் அப்படி ஓர் எழுத்து இல்லை. 1992-ல் பீட்டர் மெக்டொனால்டு தொகுத்த எஸ்.எல்.எஸ். என்ற வழங்கல் நெகிழ்வட்டுகளில் வந்தது. நிறுவுவது என்றால் சுருக்கிய கோப்பை விரித்துப் போடுவதுதான். மூல நிரலை இறக்கித் தானே தொகுத்துக்கொள்பவர்களும் பலர். இடையில் நின்றுவிட்டால், எந்தக் கோப்பு மாறியது, எது மாறவில்லை என்று சொல்ல ஆளில்லை. முதலிலிருந்து மீண்டும் விரிக்க வேண்டியதுதான். 1993-ல் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு பொதியும் கொண்டுவந்த கோப்புகளின் பட்டியலை அது எழுதி வைத்தது. ஆனால் பட்டியல் வேறு, நிலை வேறு. என்னென்ன வந்தன என்று அது சொல்லும். வந்துகொண்டிருந்தபோது எது பாதியில் நின்றது என்று சொல்லாது.

அந்த இடைவெளியை நிரப்பியது டெபியன். இயன் மர்டாக் அந்தத் திட்டத்தை 1993 ஆகஸ்ட் 16 அன்று அறிவித்தார். அதன் பொதி மேலாளரான டிபிகேஜியை 1994 ஜனவரியில் ஷெல் நிரலாக அவரே எழுதினார். மாட் வெல்ஷ், கார்ல் ஸ்ட்ரீட்டர் ஆகியோருடன் சேர்ந்து பெர்ல் மொழிக்கு மாற்றினார். அதே ஆண்டில் இயன் ஜாக்சன் முதன்மைப் பகுதிகளை சி மொழியில் திருப்பி எழுதினார். இன்று உபுண்டு, லினக்ஸ் மின்ட், இந்தியாவின் பாஸ் ஆகிய எல்லாவற்றின் அடியிலும் ஓடுவது அந்த மரபுதான்.

டிபிகேஜியின் பதிவேடு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதன் பெயர் 'ஸ்டேட்டஸ்'. எந்த எழுத்துத் திருத்தியிலும் திறந்து கண்ணால் படிக்கலாம். ஒவ்வொரு பொதிக்கும் அதில் ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியில் மூன்று சொற்கள் கொண்ட ஒரு வரி உண்டு. பயனர் இந்தப் பொதியை என்ன செய்யச் சொன்னார் என்பது முதல் சொல். பிழைக்குறி ஏதும் உண்டா என்பது இரண்டாவது. பொதி இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பது மூன்றாவது. 'பாதி நிறுவப்பட்டது', 'பிரிக்கப்பட்டது', 'பாதி அமைக்கப்பட்டது', 'நிறுவப்பட்டது' என்ற பொருள்படும் சொற்கள் அங்கே மாறிமாறி வரும்.

இதில் கவனிக்க வேண்டியது எழுதும் வரிசை. கோப்புகளில் கைவைக்கும் முன்பே, 'பாதி நிறுவப்பட்டது' என்று டிபிகேஜி எழுதிவிடுகிறது. வேலை முடிந்த பிறகே அடுத்த நிலையைக் குறிக்கிறது. ஆகவே எந்த நொடியில் விளக்கு அணைந்தாலும், நடந்துகொண்டிருந்த வேலையைத் தொடங்கும் முன் எழுதிய வரி பதிவேட்டில் நிற்கும். முறைத்தண்ணீர் பாயும் ஊருக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதல்ல. வாய்க்காலில் தண்ணீர் இரவோடு நின்றுபோனால், எந்த வயல்வரை பாய்ந்தது என்பது நீர்பாய்ச்சிக்குத் தெரியும். மறுமுறை தண்ணீர் வரும்போது முதல் வயலிலிருந்து தொடங்குவதில்லை. விட்ட வயலின் மடைதான் திறக்கும்.

பதிவேடு பெரியது. ஆயிரக்கணக்கான பொதிகள் உள்ள கணினியில் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் அதை முழுவதும் திருப்பி எழுதினால் நேரம் விரயமாகும். அதனால் 'அப்டேட்ஸ்' என்ற தனி அடைவில் எண்களைப் பெயராகக் கொண்ட துண்டுக் கோப்புகளில் மாற்றங்கள் குறிக்கப்படுகின்றன. வேலை முடிவில் அவை முதன்மைப் பதிவேட்டில் சேர்ந்து மறைகின்றன. கடைக்காரர் துண்டுச்சீட்டில் குறித்துவைத்து இரவில் பேரேட்டில் ஏற்றுவதைப் போன்றது இது. மறுநாள் கல்லாவில் துண்டுச்சீட்டு கிடந்தால், நேற்றுக் கணக்கு முடியவில்லை என்று பொருள். உபுண்டு பயனர்கள் பலர் பயந்த அந்தப் பிழைச்செய்தி இதிலிருந்துதான் பிறக்கிறது. டிபிகேஜி இடையில் நின்றுவிட்டது, மீதி அமைப்பு வேலையை நீங்களே ஓட்டி முடியுங்கள் என்று அது கேட்கிறது. எண் பெயர் கொண்ட துண்டுக்கோப்பு மீந்திருப்பதைக் கண்டே, பொதிகளை இறக்கித் தரும் ஆப்ட் என்ற கருவி அதைச் சொல்கிறது. செய்யவேண்டிய கட்டளையும் அதே வரியில் இருக்கிறது: டிபிகேஜி, இரண்டு கோடு, கான்ஃபிகர், ஒரு கோடு, ஏ. பயனர் செய்ய வேண்டியதைப் பிழைச்செய்தியே முழுதாகச் சொல்வது கணினி உலகில் அபூர்வம். அந்த வரியை எழுதியவர்களுக்குப் பயனர்மேல் இருந்த அக்கறை அதில் தெரிகிறது.

கோப்புகளை மாற்றும் முறையிலும் இதே எச்சரிக்கை உண்டு. புதிய கோப்பு பழையதன் மேல் நேரே எழுதப்படுவதில்லை. 'டிபிகேஜி-நியூ' என்ற ஒட்டுடன் பக்கத்தில் எழுதப்பட்டு, முழுமையடைந்த பிறகு பெயர் மாற்றப்படுகிறது. பெயர் மாற்றம் யூனிக்ஸ் மரபில் பிளவுபடாத செயல். ஒன்று பழைய கோப்பு இருக்கும், இல்லையென்றால் புதியது இருக்கும். அரைகுறைக் கோப்பு ஒன்று அந்தப் பெயரில் நிற்காது என்பதே நோக்கம்.

மூன்றாவது காப்பு, நிரல் எழுதுபவர்களின் ஒழுக்கத்தில் இருக்கிறது. பொதிகளுடன் வரும் நிறுவல் நிரல்கள் பாதியில் நின்று மீண்டும் ஓடினாலும், ஒரே தடவை ஓடியதைப் போன்ற முடிவையே தர வேண்டும் என்று டெபியன் கொள்கை விதிக்கிறது. ஒரு பயனர் கணக்கை உருவாக்கும் நிரல், அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்க்கும் நிரல், அந்த வரி அங்கே இல்லை என்றால் மட்டும் சேர்க்க வேண்டும். உலகெங்கும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தாங்கள் பராமரிக்கும் ஒவ்வொரு பொதியிலும் இந்த விதியைக் காப்பதால்தான், மின்வெட்டுக்குப் பிறகு ஒரே கட்டளை நூறு பொதிகளைச் சரிசெய்கிறது. மீட்பின் உண்மையான கட்டுமானம் இதுதான். கட்டளை அதன் வெளிமுனை மட்டுமே.

மற்றொரு பெரிய மரபு ஆர்.பி.எம். 1995-ல் ரெட் ஹேட் நிறுவனத்தில் மார்க் யூயிங், எரிக் ட்ரோவன் இருவரும் எழுதியது. அதன் பதிவேடு பெர்க்லி டிபி என்ற தரவுத்தள வடிவில் இருந்தது. வேகம் உண்டு, கண்ணால் படிக்க முடியாது. மின்சாரம் போனால் பூட்டுக் கோப்புகள் சிக்கிக்கொள்ளும். அவற்றை நீக்கிவிட்டுப் பதிவேட்டை மறுகட்டமைக்கும் கட்டளையை ஓட்டுவது ரெட் ஹேட் நிர்வாகிகளின் அன்றாடப் பாடமாக இருந்தது. அதன் புதுப்பிப்பு முதலில் புதியதை நிறுவி, இறுதியில் பழையதை நீக்கும். ஆகவே நடுவில் நின்றால் ஒரே பொதியின் இரண்டு பதிப்புகள் பதிவேட்டில் நிற்கும். இவற்றைக் களைய, ஆர்.பி.எம்.மின் மேல் ஓடிய யம் என்ற கருவியின் காலத்தில் தனிக் கருவிகள் வந்தன. நின்ற பரிமாற்றத்தை முடித்துவைக்கும் ஒன்று, இரட்டைப் பதிவுகளை நீக்கும் ஒன்று. 2020-ல் ஃபெடோரா 33 பதிவேட்டை எஸ்கியூலைட்டுக்கு மாற்றியபோது இந்தத் தொல்லையில் பெரும்பகுதி ஒழிந்தது.

இணைப்பு அறுவதன் கதை எளிது. டிபிகேஜியின் மேல் ஓடும் ஆப்ட் 1998-ல் உருவாகி 1999-ல் டெபியன் 2.1-உடன் வந்தது. தேவையான எல்லாப் பொதிகளும் இறங்கி, சரிபார்ப்புத் தொகை ஒத்துப்போன பிறகே அது நிறுவலைத் தொடங்கும். பாதி இறங்கிய கோப்பு 'பார்ஷியல்' என்ற அடைவில் காத்திருக்கும். மறுபடி ஓட்டினால் விட்ட பைட்டிலிருந்து தொடரும். டேட்டா கார்டில் ரீசார்ஜ் தீர்ந்துபோகும் ஊர்களுக்கு இது சிறிய வசதி இல்லை. இறக்குவதை மட்டும் தனியாகச் செய்து, நிறுவலை வேறு நேரத்தில் நடத்தவும் முடிந்தது. மின்வெட்டு அட்டவணை தெரிந்த இடத்தில் இதைவிட நல்ல யோசனை இல்லை.

தமிழ்நாட்டில் லினக்ஸ் பரவியது இரண்டு பாதைகளில். ஒன்று ஆர்வலர்களின் பாதை. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1990களின் இறுதியிலிருந்து இயங்கியது. அதன் மாதக் கூட்டங்கள் ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்தன. உபுண்டுவின் 'ஷிப்இட்' திட்டம், கேட்டவர் முகவரிக்கெல்லாம் இலவசக் குறுந்தகடுகளை 2011 ஏப்ரல் வரை அஞ்சலில் அனுப்பியது. மெதுவான இணையம் உள்ள சிற்றூர்க்காரருக்கு லினக்ஸ் வந்து சேர்ந்த வழி அந்தத் தபால் உறைதான். அதே தகடு நேரடியாக இயங்கவும் வல்லது என்பதால், பின்னாளில் பழுதான கணினியைத் திறந்து பார்க்கும் சாவியாகவும் அது பயன்பட்டது. 2012 ஜனவரியில் த. சீனிவாசன் முயற்சியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், இந்தச் செய்திகளைத் தமிழிலேயே படிக்கும் வாய்ப்பைத் தந்தது. பொதி, நிரல், நிறுவல் போன்ற சொற்கள் தொழில்நுட்பக் கட்டுரைகளில் புழங்க அந்த இதழும் ஒரு காரணம்.

மற்றது அரசின் பாதை. 2005-ல் அமைந்த கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் சென்னை சி-டாக்கும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் பங்காற்றின. அதன் விளைவாக, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பு 2007-ல் வெளியானது. அதே காலத்தில் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட், தன் கணினிகளை சூஸே லினக்ஸுக்கு மாற்றியது. பிறகு வந்தது பெரிய அலை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் பாஸும் ஒன்றாக நிறுவிய கணினிகள் மாணவர்களின் கைக்குச் சென்றன. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தபோது, அரசுத் துறைகளும் பாஸுக்கு மாற அறிவுறுத்தப்பட்டன. குமுளியையும் கம்பம்மெட்டையும் தாண்டினால் வரும் கேரளத்தில், 2000களின் பிற்பாதியிலேயே அரசுப் பள்ளிகள் குனு/லினக்ஸுக்கு மாறிவிட்டன. அங்கே ஆசிரியர்களுக்கும் முறையான பயிற்சி கிடைத்தது. தமிழ்நாட்டில் கணினி வந்த வேகத்தில் பராமரிப்பு அறிவு வரவில்லை என்பது வருத்தத்துடன் பதிவுசெய்ய வேண்டிய உண்மை.

இந்தக் காலம் முழுவதும் தமிழ்நாடு மின்பற்றாக்குறையில் இருந்தது. 2008 நவம்பரில் தொடங்கிய மின்கட்டுப்பாடுகள் 2015-ல்தான் முழுமையாக நீங்கின. 2012-ல் சென்னைக்கு நாளுக்கு 2 மணி நேர வெட்டு. மற்ற மாவட்டங்களில் அறிவித்தது 4 மணி நேரம், நடப்பில் பல நாள்கள் அதைவிட மிக அதிகம். தேனி மாவட்டத்தின் தெற்கே லோயர் கேம்பில் பெரியாறு நீர்மின் நிலையம் 1958 முதல் இயங்குகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் அந்த மின்சாரம் எல்லாம் மாநிலத் தொகுப்புக்குப் போவது. காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வெட்டு குறையும். காற்று ஓய்ந்த ஐப்பசியில் கூடும். 2012-ன் கடைசி மாதங்கள் அப்படித்தான் மோசமாயின.

மடிக்கணினிக்கு மின்கலம் இருந்ததால் அடியை ஓரளவு தாங்கியது. பிரவுசிங் சென்டரிலும் பள்ளி ஆய்வகத்திலும் இருந்த மேசைக்கணினிகளின் நிலை வேறு. யுபிஎஸ் பேட்டரி ஓரிரு ஆண்டில் சோர்ந்துவிடும். நாளுக்குப் பலமுறை வெட்டு வந்தால் இன்னும் சீக்கிரம். மின்கலம் தேய்ந்த பழைய மடிக்கணினியும் சீக்கிரத்தில் மேசைக்கணினி போலவே ஆகிவிடும்.

மின்வெட்டு அளவுக்கே புதுப்பிப்பைக் கெடுத்த இன்னொன்று உண்டு; அது கணினி கேட்ட கேள்வி. அமைப்புக் கோப்பைப் பயனர் முன்பே மாற்றியிருந்தால், பழையதை வைப்பதா, புதியதை ஏற்பதா என்று டிபிகேஜி நின்று கேட்கும். வரைகலைச் சாளரத்தில் இந்தக் கேள்வி சில சமயம் 'விவரம்' என்ற மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். முன்னேற்றப் பட்டை நகராமல் நிற்பதைப் பார்த்தவர், கணினி உறைந்துவிட்டது என்று மின்பொத்தானை அழுத்திப் பிடிப்பார். மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை நிறுவும் பொதி இதில் பெயர்பெற்றது. உரிம ஒப்பந்தத்தை முனையத்தில் காட்டி, 'ஓகே' பொத்தானையும் காட்டும். சுட்டியால் அழுத்தினால் வேலைசெய்யாது. டேப் விசையால் அங்கே போய் என்டர் தட்ட வேண்டும். அது தெரியாமல் முனையத்தை மூடியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். ஆங்கிலத்தில் வந்த கேள்வி புரியாமல் போன இடங்களில் இந்த விபத்து இன்னும் இயல்பானது.

இதற்கிடையில் கோப்பு முறைமையும் மாறிக்கொண்டிருந்தது. 1990களின் எக்ஸ்ட்2-வில் மின்சாரம் போய் வந்தால் வட்டு முழுவதையும் சோதிக்க நீண்ட நேரம் ஆகும். 2001 நவம்பரில் கெர்னலில் சேர்ந்த எக்ஸ்ட்3, மாற்றங்களை முதலில் நாட்குறிப்பில் எழுதி அந்தக் காத்திருப்பை நொடிகளாகக் குறைத்தது. 2008 டிசம்பரில் நிலைப்பதிப்பான எக்ஸ்ட்4 வேகத்துக்காக ஒரு காரியம் செய்தது: தரவை உடனே வட்டில் எழுதாமல் சிறிது நேரம் நினைவகத்திலேயே வைத்திருந்தது. பெயர் மாற்றம் வட்டுக்குப் போய், உள்ளடக்கம் போகாமல் மின்சாரம் நின்றால், சரியான பெயரில் பூஜ்ய நீளக் கோப்பு கிடக்கும். 2009-ல் இது பெரிய விவாதமானது. பெயர் மாற்றத்தின்போது தரவையும் வட்டுக்குத் தள்ளும் திருத்தத்தை தியோடர் சோ கெர்னலில் சேர்த்தார். டிபிகேஜியும் 2010-ல் வெளிவந்த 1.15.6 பதிப்பிலிருந்து, பெயர் மாற்றும் முன் ஒவ்வொரு கோப்பையும் வட்டில் உறுதிப்படுத்தத் தொடங்கியது. நிறுவல் மெதுவானது, பலர் குறைகூறினார்கள். நாளுக்கு நாலு முறை மின்சாரம் போகும் ஊரிலிருந்து பார்த்தால், அந்தத் தாமதம் கொடுக்கத் தகுந்த விலை.

இப்படிப் படிந்த அனுபவத்திலிருந்து மீட்பு முறைக்கு ஒரு வரிசை அமைந்தது. கணினி திறக்கிறதா என்பதே முதல் கேள்வி. திறந்தால் முனையத்தில் மீதி அமைப்பு வேலையை முடிக்கும் கட்டளையை ஓட்டவேண்டும். மேலே சொன்ன கான்ஃபிகர் கட்டளை அது. அடுத்து, ஆப்ட்டின் 'ஃபிக்ஸ்-புரோக்கன்' விருப்பத்துடன் நிறுவல் கட்டளை. முறிந்த சார்புகளை அது தேடி, விடுபட்ட பொதிகளை இறக்கிப் பொருத்தும். பிறகு வழக்கமான புதுப்பிப்பு மீண்டும் ஒருமுறை. பெரும்பாலான கணினிகள் இந்த மூன்றில் எழுந்துவிடும். வட்டு நிரம்பியதால் வேலை நின்றிருந்தால், முதலில் இடத்தைக் காலிசெய்யாமல் இவற்றில் எதுவும் பயன் தராது. தனியாகப் பிரித்த 'பூட்' பகுதியில் பழைய கெர்னல்கள் குவிந்திருப்பது இதற்கு வழக்கமான காரணம்.

அதற்கும் அசையாதவற்றை டிபிகேஜியின் தணிக்கைக் கட்டளை பட்டியலிட்டுக் காட்டும். 'பிரிக்கப்பட்டது', 'பாதி அமைக்கப்பட்டது' என்று நிற்பவை அமைப்புக் கட்டளைக்கு வழிவிடும். 'பாதி நிறுவப்பட்டது' என்று மறுநிறுவல் குறியோடு நிற்பவை வழிவிடாது. அவற்றின் பொதியை மீண்டும் முழுமையாக நிறுவ வேண்டும். பூஜ்ய நீளக் கோப்புகளின் காலத்தில் மற்றொரு பழுது அடிக்கடி வந்தது. ஒரு பொதியின் கோப்புப் பட்டியலே காலியாகி, அதன் கடைசி வரி முடியவில்லை என்று டிபிகேஜி மறுத்து நிற்கும். அந்தப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, அதே பொதியை மறுநிறுவல் செய்தால் பட்டியல் புதிதாக எழுதப்படும். பதிவேடே சிதைந்தாலும் கதை முடியாது. முந்தைய நிலை 'ஸ்டேட்டஸ்-ஓல்ட்' என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கும். காப்பு அடைவிலும் முந்தைய நாள்களின் நகல்கள் சேர்ந்திருக்கும்.

கணினி திறக்கவே இல்லை என்றால், குறை பெரும்பாலும் கெர்னலில் இருக்கும். புதிய கெர்னல் வந்து, அதற்கான துவக்க நினைவகக் கோப்பு உருவாகும் முன் மின்சாரம் போயிருந்தால், வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற செய்தியுடன் திரை நின்றுவிடும். பழைய கெர்னல் அழியாமல் கிடக்கும் என்பதே இங்கு ஆறுதல். துவக்க நிரலான குரப்பின் பட்டியலில் பழைய பதிப்பைத் தேர்ந்தால் கணினி திறக்கும். உபுண்டுவின் மீட்புப் பட்டியலில் முறிந்த பொதிகளைச் சரிசெய்ய ஒரு தனி வரியே உண்டு. விண்டோஸும் பாஸும் சேர்ந்த மடிக்கணினிகளில் குரப் கெட்டால் இரண்டுமே திறக்காது. கணினியே போய்விட்டது என்று அதைக் கடைக்குத் தூக்கிச் சென்றவர்கள் ஃபார்மட்டுக்கு ஆளாவது இந்த இடத்தில்தான்.

கடைசி வழி, வெளியிலிருந்து உள்ளே நுழைவது. நேரடியாக இயங்கும் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கணினியைத் துவக்கி, உள்வட்டை ஏற்றி, சிஎச்ரூட் என்ற கட்டளையால் அந்த வட்டையே வேராகக் கொண்டு நின்று, அங்கிருந்து அதே பழுதுநீக்கக் கட்டளைகளை ஓட்டுவார்கள். பிறகு துவக்க நினைவகக் கோப்பையும் குரப்பையும் புதுப்பிப்பார்கள். 2000-ல் கிளவுஸ் க்னோப்பர் வெளியிட்ட க்னோப்பிக்ஸ் இந்த முறையைப் பரவலாக்கியது. அடிப்படை நிரலகமான லிப்-சி கெட்டு, கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைகூட ஓடாத நிலையிலும் இந்த வழி திறந்திருக்கும். வட்டை அழிக்கும் முன், இதே வழியில் உள்ளே போய்ப் படங்களையும் பாடங்களையும் வெளியே எடுத்துவிடலாம் என்பதைச் சர்வீஸ் கடைகள் அறிந்திருந்தால் எத்தனையோ மாணவர்களின் சேமிப்பு பிழைத்திருக்கும்.

இந்த வரிசைக்குள் ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்துகொண்டது. பூட்டைப் பெற முடியவில்லை என்று ஆப்ட் சொன்னால், பூட்டுக் கோப்பை அழித்துவிடும்படி பலரும் சொல்லிக்கொடுத்தார்கள். பூட்டு அந்தக் கோப்பில் இல்லை. ஓடும் நிரலின் பேரில் கெர்னல் வைத்திருப்பது அது. மின்சாரம் போனால் பூட்டும் தானாகப் போய்விடும். ஆகவே பூட்டு இருக்கிறது என்று செய்தி வந்தால், வேறொரு நிரல் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் பின்னணியில் ஓடும் தானியங்கிப் புதுப்பிப்பு அது. அப்போது கோப்பை அழிப்பது, ஒரே பேரேட்டில் இரண்டு கணக்கர்கள் ஒரே நேரத்தில் எழுதுவதற்கு வழிவிடுகிறது. சில நிமிடம் காத்திருப்பதே சரி.

தொலைவிலிருந்து இயக்கும் சேவையகங்களில் மின்சாரத்தைவிட இணைப்பே பகை. எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு அறுந்தால் அதனுடன் ஓடிய புதுப்பிப்பும் சாகும். இதனால், இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்க்ரீன் போன்ற நிரல்களுக்குள் புதுப்பிப்பை ஓட்டும் வழக்கம் வந்தது. உபுண்டுவின் பதிப்பு உயர்த்தும் கருவி தானாகவே ஸ்க்ரீனுக்குள் ஓடி, 1022 என்ற துறையில் மாற்று வழியொன்றையும் திறந்துவைக்கிறது.

2010களில் சிந்தனை வேறு திசையில் திரும்பியது. நின்றதைச் சரிசெய்வதைவிட, நிற்பதால் கெடாத அமைப்பைக் கட்டலாம் என்று பலர் முயன்றார்கள். 2011 நவம்பரில் வந்த ஓப்பன்சூஸே 12.1, ஸ்னாப்பர் கருவியுடன் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் புதுப்பிப்புக்கு முன்னும் பின்னும் நிலைப்படம் எடுத்தது. கெட்டால் முந்தைய படத்துக்குத் திரும்பலாம். ஃபெடோரா 18, கணினி துவங்கும்போதே வேறெதுவும் ஓடாத தனி நிலையில் புதுப்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நிக்ஸ்ஓஎஸ் பழைய பதிப்பை மாற்றாமல் புதியதைப் பக்கத்தில் கட்டி, முடிந்ததும் ஒரு சுட்டியை மட்டும் திருப்பியது. உபுண்டுவின் தானியங்கிப் புதுப்பிப்பு, வேலையைச் சிறு துண்டுகளாக்கி, கணினியை அணைக்கச் சொன்னால் கையிலுள்ள துண்டை முடித்துக்கொண்டு நிற்கக் கற்றது.

இந்தச் சிந்தனை அதிகம் பேரைச் சென்றடைந்தது கைபேசியில். ஆண்ட்ராய்டின் அடியிலும் ஓடுவது லினக்ஸ் கெர்னல். 2016-ல் ஆண்ட்ராய்டு 7 ஏ, பி என்ற இரட்டை அறைகளை அறிமுகப்படுத்தியது. ஓர் அறையில் கைபேசி இயங்கிக்கொண்டிருக்க, புதிய பதிப்பு மற்றதில் எழுதப்படுகிறது. மறுதுவக்கத்தில் அறை மாறுகிறது. புதியது எழவில்லை என்றால் பழைய அறைக்கே திரும்புகிறது. நடுவில் மின்கலம் தீர்ந்தாலும் இயங்கும் அறைக்கு ஒன்றும் ஆவதில்லை.

லினக்ஸ் ஓடும் மேசைக்கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் டெபியன் மரபே இன்றும் பெரும்பான்மை. 2018-ல் மாறிய தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூல், விண்டோஸுடன் உபுண்டுவையும் கற்பிக்கிறது. அதைப் படிக்கும் மாணவரின் கணினியில் புதுப்பிப்பு பாதியில் நின்றால், திரையில் வரும் செய்தி இப்போதும் அதே செய்தி. அது கேட்கும் கட்டளையும் அதே கான்ஃபிகர் கட்டளைதான்.